விதையைப் பார்த்து மரத்தைக் கண்டுபிடிப்பது: தொடங்குகிறவர்களுக்கு

நடைபாதையில் பழுப்பாக, வழவழப்பாக ஒரு விதை கிடக்கிறது. அதை மட்டும் எடுத்துப் படம் பிடித்து "இது என்ன மரம்?" என்று கேட்டால் விஷயம் தெரிந்தவர்கள்கூடத் தயங்குவார்கள். பழுப்பு நிறம், பளபளப்பு, ஒரு சென்டிமீட்டர் நீளம் என்ற அடையாளம் ஏகப்பட்ட மரங்களுக்குப் பொருந்தும். அதே விதையோடு அது வந்த நெற்றில், அதாவது முற்றி உலர்ந்த காயில், ஒரு துண்டும் கையில் இருந்தால், சந்தேகம் பெரும்பாலும் இரண்டு மூன்று மரங்களுக்குள் அடங்கிவிடும். விதையைவிட அதன் உறைதான் அதிகம் பேசும். ஆகவே விதையைப் பொறுக்கக் குனியும்போதே அருகில் கிடக்கும் நெற்று, ஓடு, மூடி, காம்பு, இறக்கை என்று எது கிடைத்தாலும் சேர்த்து அள்ளிக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 15 செ.மீ. ஸ்கேல், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், ஒரு பாக்குவெட்டி, நாலைந்து காகித உறைகள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் வெளியேறாமல் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். காகித உறையின் மேலேயே இடம், தேதி, எந்த மரத்தடி என்பதை அங்கேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட உறைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துதான் போகும்.

கிடக்கும் இடத்தை நம்பலாமா?

வேப்பமரத்தடியில் கிடந்தால் அது வேப்பமரத்து விதை என்று முடிவு கட்ட முடியாது. பழந்தின்னி வௌவால்கள் பழத்தைக் காய்த்த மரத்திலேயே உட்கார்ந்து தின்பது குறைவு. கௌவிக்கொண்டு பறந்து, தொல்லையில்லாத வேறொரு மரத்திலோ மாடத்தின் அடியிலோ தொங்கியபடி தின்னும். வாதுமை, இலுப்பை, புன்னை, நெட்டிலிங்கம் ஆகியவற்றின் கொட்டைகள் சம்பந்தமே இல்லாத மரத்தடியில் குவிந்து கிடப்பது இதனால்தான். கொட்டையில் பல் பட்ட கீறல்கள் இருக்கும். பக்கத்தில் சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை உருண்டைகளும் கிடக்கும். மின்கம்பியின் கீழே வரிசையாக வேப்பங்கொட்டை கிடந்தால் அது காக்கை, மைனா, குயில் செய்த வேலை.

சரிபார்க்க எளிய வழி உண்டு. அதே விதை பல வயதில் கிடக்கிறதா என்று பாருங்கள். பச்சையாக விழுந்த பிஞ்சு, இந்த ஆண்டின் முற்றல், போன ஆண்டின் நைந்த ஓடு, முளைத்து நிற்கும் குருத்து ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒரே இடத்தில் இருந்தால், தாய்மரம் தலைக்கு மேலேயே இருக்க வாய்ப்பு அதிகம். முற்றல் மட்டும், அதுவும் சுத்தமாகச் சதை நீக்கப்பட்டுக் கிடந்தால் யாரோ கொண்டுவந்து போட்டது. இறக்கை உள்ள விதைகளுக்குக் காற்றடிக்கும் திசையைப் பார்க்க வேண்டும். காற்று வரும் பக்கமாக நடந்து போனால் விதைகளின் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். அது உச்சத்தை எட்டும் இடத்துக்குப் பக்கத்தில்தான் மரம் நிற்கும்.

கடற்கரை தனிக்கதை. அலை ஒதுக்கும் கொட்டைகள் எங்கிருந்தோ மிதந்து வந்தவை. அங்கே கிடந்ததை வைத்து அருகில் உள்ள மரத்தைத் தேடுவது வீண் வேலை.

கையில் இருப்பது காயா, விதையா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் அடுத்த படிக்குப் போனால் எல்லாமே தப்பாகும். நர்சரியில் "தேக்கு விதை" என்று விற்கப்படுவது உண்மையில் முழுக் காய். அதன் உள்ளே நான்கு அறைகள், அவற்றில் ஒன்றிரண்டில்தான் விதை இருக்கும், சிலவற்றில் எதுவுமே இருக்காது. வேங்கையின் வட்டமான இறக்கைத் தட்டும் காய்தான். மகாகனியின் ஒற்றை இறக்கையோ நேரடியான விதை.

வேறுபாட்டைக் காட்டுவது தழும்பு. ஒரு காய்க்கு இரண்டு அடையாளங்கள் இருக்கும்: ஒரு முனையில் காம்பு பிரிந்த இடம், வேறொரு இடத்தில் பூவின் சூல்தண்டு காய்ந்து ஒட்டிய முள் போன்ற எச்சம் அல்லது புள்ளி. விதைக்கு ஒரே ஒரு தழும்புதான். காய்க்குள் ஒட்டியிருந்த இழை பிரிந்த இடம் அது. லென்ஸ் வைத்துப் பொருளைச் சுற்றிலும் திருப்பிப் பாருங்கள். ஒரு தழும்பு என்றால் விதை, இரண்டு என்றால் காய்.

இதற்கு நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வேம்பு, வாதுமை, இலந்தை போன்றவற்றில் பழத்தின் உட்சுவரே கெட்டிப்பட்டுக் கொட்டையாகிவிடுகிறது. தோலும் சதையும் போன பிறகு கிடைப்பது இந்தக் கொட்டைதான். இதில் தழும்புக் கணக்கு ஒத்துவராது. உடைத்தால் உள்ளே மெல்லிய தோல் போர்த்திய பருப்பு தனியாக ஆடினால், வெளியே இருப்பது ஓடு, உள்ளே இருப்பதுதான் விதை என்று வைத்துக்கொள்ளலாம்.

நெற்று: தொடங்க நல்ல இடம்

நம் சாலையோர மரங்களில் பெரும்பங்கு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் நெற்று ஒன்றைப் படிக்கக் கற்றுக்கொண்டாலே பாதி ஊர் தெரிந்துவிடும்.

நீளமும் குறுக்குவெட்டும் முதலில். உருளையாக, கறுப்பாக, 30 முதல் 60 செ.மீ. வரை தடிபோல இருந்தால் சரக்கொன்றை. அது தானாகப் பிளக்காது. உடைத்தால் குறுக்கே காசு காசாகத் தடுப்புகள், ஒவ்வொரு அறையிலும் கறுப்புப் பசையில் பதிந்த ஒரு விதை. அதே நீளத்தில் தட்டையாக, மரப்பட்டை போல் கெட்டியாக, ஐந்து செ.மீ. அகலத்துக்கு வாள்போல இருந்தால் குல்மோகர் என்கிற மயில்கொன்றை. அதன் இரண்டு பாதிகளிலும் குறுக்குவாட்டில் குழிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் கோடு விழுந்த நீளமான ஒரு விதை. வெறும் பாதித் துண்டு கிடைத்தாலே அந்தக் குழிகளை வைத்துச் சொல்லிவிடலாம்.

செம்பு நிறத்தில், விரல் நீளத்துக்கு மேல் போகாத, இரண்டு ஓரமும் மெலிந்து இறக்கையான நெற்று கொத்துக் கொத்தாக விழுந்து கிடந்தால் அது இயல்வாகை. பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். நாள்பட்டால் செம்பு நிறம் மங்கிக் கறுத்துவிடும், ஓரத்து இறக்கை மட்டும் மாறாது.

தட்டையாக, நான்கைந்து செ.மீ. நீளத்தில், ஒரு முனை சிறிய மூக்குபோல வளைந்து, கெட்டியாக இருப்பது புங்கை. அது வெடிக்காது. கிடந்த இடத்திலேயே மக்கித்தான் விதை வெளிவரும். உள்ளே பெரும்பாலும் ஒரே விதை: தட்டை, சிறுநீரக வடிவம், செம்பழுப்பு. ஒற்றை விதை என்றால் புரசையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் புரசின் நெற்று 10 செ.மீ.க்கு மேல் நீண்டு மெலிந்து இருக்கும், விதை அதன் நுனியில் மட்டும் உட்கார்ந்திருக்கும். மற்ற பகுதி முழுவதும் வெறும் சிறகு.

வட்டமாகச் சுருண்ட நெற்று, கறுப்பு விதை, அதை மூடிய வெள்ளை அல்லது இளஞ்சிவப்புச் சதை என்றால் கொடுக்காப்புளி. இதைச் சொல்லித்தர வேண்டிய அவசியம் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிடையாது. விதைக்கு விதை இடுப்பு குறுகி மணிமாலைபோல் சாம்பல் பூத்திருந்தால் கருவேலம். மஞ்சளாக, தடித்து, இனிப்பாக, ஆடுகள் தேடித் தின்பது சீமைக்கருவேலம்.

தொடங்குகிறவர்கள் அதிகம் குழம்புவது வாகைக்கும் தூங்குமூஞ்சிக்கும். இரண்டும் பெரிய மரங்கள், இரண்டுக்கும் இறகு போன்ற கூட்டிலை, தூரிகை போன்ற பூ. நெற்றைக் கையில் எடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வாகை நெற்று வெளுத்த வைக்கோல் நிறம், தாள்போல மெல்லியது, 15 முதல் 30 செ.மீ. நீளம், ஒவ்வொரு விதையும் இருக்கும் இடம் வெளியிலிருந்தே புடைத்துத் தெரியும். இலை கொட்டிய பிறகும் மாதக்கணக்கில் மரத்தில் தொங்கிக் காற்றில் கலகலக்கும். சங்கப் பாடலொன்று இதை "வாகை வெண்ணெற்று" என்று நிறத்தோடு சொல்லி, கழைக்கூத்தாடிகளின் பறை ஒலியோடு ஒப்பிடுகிறது. கள அடையாளமாக இன்றைக்கும் அது போதும். தூங்குமூஞ்சி நெற்றோ கருத்த பழுப்பு, தடிமன், 10 முதல் 20 செ.மீ., உடைத்தால் பிசுபிசுப்பான இனிப்புச் சதை. ஆட்டினால் சத்தம் வராது. மிதிபட்டால் செருப்பில் ஒட்டும்.

நெற்றே இல்லாமல் விதை மட்டும் கிடைத்தால்? லென்ஸை எடுங்கள். இரண்டு மரத்து விதையிலும் தட்டை முகத்தில் லாட வடிவத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கும். லாடத்தின் திறந்த பக்கம் தழும்பை நோக்கி இருக்கும். இந்தக் கோடு இருந்தால் வாகை, தூங்குமூஞ்சி, சவுண்டல், வேலம் என்ற கூட்டத்துக்குள்தான் தேட வேண்டும். சரக்கொன்றை விதையில் லாடம் கிடையாது. அதற்குப் பதில் ஒரு முகத்தின் நடுவே நெடுக்காகக் கருங்கோடு ஒன்று ஓடும். வாகை விதை ஏறக்குறைய வட்டமாக, மெலிந்து தட்டையாக இருக்கும். தூங்குமூஞ்சி விதை நீள்வட்டம், நடுவில் உப்பியிருக்கும், லாடக்கோடு மஞ்சளாகத் தெளிவாகத் தெரியும். இரண்டையும் ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

சிவப்பு விதைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. முழுச் சிவப்பு, பளபளப்பு, இரு பக்கமும் உப்பிய லென்ஸ் வடிவம், 8 மி.மீ. அளவு என்றால் மஞ்சாடி. ஆனைக்குன்றிமணி என்ற பெயரும் உண்டு. பக்கத்தில் முறுக்கிக்கொண்ட நெற்றுகள் கிடக்கும். சற்றுச் சிறியது, சிவப்பில் ஒரு கறுப்புப் பொட்டு என்றால் குன்றிமணி. அது மரமே அல்ல, கொடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைத் தேடினால் நாள் முழுக்கத் தேடலாம், வேலியைப் பாருங்கள். சோழர் காலத்துப் பொன் எடையில் 2 குன்றிக்கு 1 மஞ்சாடி, 20 மஞ்சாடிக்கு 1 கழஞ்சு. சந்தேகமிருந்தால் நகைத் தராசில் பத்துப் பத்தாக நிறுத்துப் பார்க்கலாம், அந்தப் பழைய கணக்கு ஏறத்தாழ இன்னும் சரியாகவே வரும். அவரை விதைபோல் பெரிதாக, கருஞ்சிவப்பாக இருந்தால் கல்யாண முருங்கை.

இறக்கைகளை எண்ணுங்கள்

இறக்கை உள்ளவற்றில் நிறம் பார்த்து நேரம் போக்க வேண்டாம். எத்தனை இறக்கை, எங்கே ஒட்டியிருக்கிறது என்ற இரண்டே கேள்விகள் போதும்.

சுற்றிலும் வட்டமாக ஒரே இறக்கை, நடுவில் விதை என்றால் இரண்டு வகை மரங்கள் போட்டிக்கு வரும். நடுப்பகுதி கட்டியாக, கிள்ளினால் அசையாமல் இருந்தால் வேங்கை அல்லது அதன் உறவான செஞ்சந்தனம். முழுவதும் தாள்போல மெல்லியதாக, வலைப்பின்னல் நரம்போடு, இரண்டரை செ.மீ. அளவில் கொத்துக் கொத்தாகப் பறந்தால் ஆயா மரம். ஏப்ரல், மே மாதங்களில் இது சாலை முழுவதும் சருகாக ஓடும்.

ஒரு பக்கம் மட்டும் நீண்ட பழுப்பு இறக்கை, அடியில் தட்டையான விதை என்றால் மகாகனி. கடித்தால் கடும் கசப்பு என்று பலரும் சொல்வார்கள். அதைச் சோதிக்கத் தேவையில்லை. கீழேயே ஐந்து கெட்டி ஓடுகளும், ஐந்து பட்டையுள்ள நடுத்தண்டும் கிடக்கும். பெரிய இலை மகாகனியின் விதை இறக்கையோடு சேர்த்து 7 முதல் 12 செ.மீ., சின்ன இலை மகாகனியுடையது 4 முதல் 6 செ.மீ. நம் ஊரில் இரண்டையும் நடுகிறார்கள், அளந்தால்தான் தெரியும்.

உச்சியில் முயல்காது போல இரண்டு இறக்கை என்றால் தணக்கு. மூன்று நீளம், இரண்டு குட்டை என ஐந்து இறக்கை என்றால் குங்கிலியம். நெடுக்காக ஐந்து கெட்டி விளிம்பு, நட்சத்திரப்பழத்தைப் போன்ற குறுக்குவெட்டு என்றால் நீர்மருது. இந்த நீர்மருது, கடுக்காய், தான்றி, வாதுமை நான்கும் ஒரே பேரினம். கடுக்காயில் அதே ஐந்து விளிம்புகள் காய்ந்தபின் வரிகளாகத் தெரியும், தான்றியில் உருண்டைக்குள் மறைந்து சாம்பல் நிற மென்மயிராக மாறிவிடும், வாதுமையில் இரண்டு ஓரமாகக் குறைந்துவிடும். உறவு மரங்களின் காய்கள் ஒரே அச்சைக் கொஞ்சம் இழுத்தும் அமுக்கியும் செய்தவை போலவே இருக்கும் என்பது இந்த நான்கைச் சேர்த்து வைத்தால் விளங்கும்.

பஞ்சு உள்ளவை சுருக்கமாக. விதையைச் சுற்றி ஏராளமாகப் பஞ்சு என்றால் இலவு. விதையின் ஒரு முனையில் மட்டும் குடுமி என்றால் வெட்பாலை, நெற்றுகள் இரண்டிரண்டாகத் தொங்கும். இரண்டு முனையிலும் குடுமி என்றால் ஏழிலைப்பாலை. எருக்கிலும் ஒற்றைக் குடுமி உண்டு, ஆனால் அது செடி.

கொட்டைகளும் தழும்புகளும்

வேப்பங்கொட்டை நீண்டு, மெல்லிய ஓட்டோடு இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினாலே விரிசல் விடும். அதைவிடப் பெரிதாக, நெடுக்குப் பள்ளங்களோடு, சுத்தியல் இல்லாமல் உடையாததாக இருந்தால் மலைவேம்பு. பெயரில்தான் வேம்பு, கொட்டை வேறு ரகம். உருண்டையாக, இரண்டரை முதல் நான்கு செ.மீ. அளவில், உடைத்தால் ஓட்டின் உட்புறம் தக்கைபோல் இருந்தால் புன்னை. கருத்து உருண்டு, தழும்பைச் சுற்றி மயிர்க்கற்றை இருந்தால் பூந்திக்கொட்டை. தண்ணீரில் அதன் காய்த்தோலைத் தேய்த்தால் நுரைக்கும். ஓடே இல்லாமல், தோல் போனதும் சதைப்பற்றான பருப்பு இரண்டு மூன்று துண்டு சேர்த்துவைத்தாற்போல் பிரிந்தால் நாவல்.

தழும்பின் அருமை தெரிய மூன்று விதைகளை வரிசையாக வைக்க வேண்டும்: மகிழம், சப்போட்டா, இலுப்பை. மூன்றும் ஒரே குடும்பம், மூன்றும் மெழுகிட்டது போலப் பளபளக்கும். நிறமும் பளபளப்பும் இங்கே எதையும் பிரித்துக் காட்டாது. மகிழம் விதையில் தழும்பு அடிமுனையில் ஒரு சிறு வட்டம், தேடினால்தான் தெரியும். சப்போட்டாவில் கறுப்பு விதையின் ஓரத்தில் வெள்ளைக் கோடாக நீண்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கியும் இருக்கும். இலுப்பையில் தழும்பு ஒரு பக்கம் முழுவதும் நெடுக்காக, பளபளப்பில்லாமல் ஓடும். விதையும் மகிழத்தைவிடப் பெரியது. மழையில் நனைந்து பளபளப்புப் போன பழைய விதையிலும் தழும்பின் வடிவம் மாறாது. அதனால் நிறத்தை எழுதுவதற்கு முன்பு தழும்பை வரைந்துகொள்வது நல்ல பழக்கம்.

வெட்டிப் பார்ப்பது

வெளிப்புறம் எதுவும் சொல்லாதபோது பாக்குவெட்டி உதவும். ஒன்றை நெடுக்காகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் வெட்டுங்கள். ஒரே விதையை வைத்துக்கொண்டு வெட்டக் கூடாது, குறைந்தது நான்கு இருக்க வேண்டும். கெட்டியான சிறு விதைகள் வெட்டும்போது தெறிக்கும், ஆகையால் ஒரு துணிக்குள் வைத்து வெட்டுவது பத்திரம்.

சில வெட்டுமுகங்கள் கண்டதும் காட்டிக்கொடுக்கும். பள்ளிகளிலும் அடுக்குமாடி வாசல்களிலும் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்தின் விதை, மேலே பார்த்தால் நெடுக்காக ஒரு பள்ளம் ஓடும் சாதாரணப் பழுப்புக் கொட்டைதான். வெட்டினால் உள்ளே வெள்ளையும் பழுப்பும் கலந்து பாக்கை வெட்டியது போல மடிப்பு மடிப்பாக இருக்கும். சீத்தாப்பழ விதையிலும் இதே மடிப்பு உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். மொட்டைமாடியில் வௌவால் போட்டுவிட்டுப் போகும் இன்னதென்று தெரியாத கொட்டையை இப்படி ஒரே வெட்டில் தீர்த்துவிடலாம்.

பருப்பில் எண்ணெய் இருக்கிறதா என்பதும் ஒரு தடயம். பருப்பை வெள்ளைத்தாளில் வைத்து நசுக்கி, துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் காயவிடுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஈரக்கறை மறைந்திருக்கும், எண்ணெய்க்கறை மட்டும் ஒளி புகும்படி நிற்கும். வேம்பு, புங்கை, இலுப்பை, புன்னை நான்கும் பளிச்சென்று காட்டும். காயவிடாமல் பார்த்தால் எல்லா விதையும் எண்ணெய் விதையாகத்தான் தெரியும்.

நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நாணயம் போல் வட்டமாக, சாம்பல் நிறத்தில் பட்டுமயிர் படர்ந்த எட்டி விதை, அதன் உறவான சிறிய, உருண்ட தேற்றான்கொட்டைக்குப் பக்கத்தில் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். எட்டி கொடிய நஞ்சு, தேற்றான் கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பயன்படுவது. முக்கோணமாகக் கெட்டிப்பட்ட மஞ்சள் அரளிக் கொட்டையும், உடைந்த குன்றிமணியும், நார் பொதிந்த ஒதளங்காயும் உயிருக்கே ஆபத்தானவை. குழந்தைகளோடு விதை பொறுக்கப் போனால் இந்த நான்கு நச்சு விதைகளையும் முதலில் அடையாளம் காட்டிவிட்டு, திரும்பியதும் கையைச் சோப்புப்போட்டுக் கழுவச் சொல்லுங்கள். வெட்டிய பாக்குவெட்டியை மறுபடி வெற்றிலைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், இதற்கென்று பழசு ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும்.

எங்கே சறுக்கும்?

முற்றாமல் விழுந்த காய்தான் முதல் எதிரி. புயலுக்கு மறுநாள் பொறுக்கியவற்றில் பாதி அப்படித்தான் இருக்கும்: நிறம் வேறு, அளவு சிறிது, நெற்று மெலிந்து. முற்றிய விதையோடு ஒப்பிட்டால் வேறு மரம் என்றே தோன்றும். அடுத்தது நாள்பட்ட காய். புதிதாக விழுந்த வாதுமை பச்சை அல்லது சிவப்பு, சதையோடு. நான்கு மாதம் கழித்து அதே காய் நார்நாராக வெளிறிப்போய்ப் படகு போலக் கிடக்கும். இரண்டும் ஒன்றுதான் என்பது நடுவிலுள்ள நிலைகளையும் பார்த்தவர்களுக்கே தெரியும்.

கொன்றை, வாகை, புளி விதைகளில் துல்லியமாக வட்டத்துளை இருந்தால் அது விதையின் அமைப்பு அல்ல, உள்ளே வளர்ந்த வண்டு வெளியேறிய வழி. புதிதாகப் பழகுகிறவர்கள் அதையும் "அடையாளம்" என்று எழுதிவிடுகிறார்கள். சவுக்கு மரத்தடியில் கிடக்கும் சின்ன மர உருண்டைகளைப் பைன் காய் என்று நினைப்பதும் அடிக்கடி நடப்பது. சவுக்கு பூக்கும் தாவரம், பைனுக்கும் அதற்கும் உறவில்லை. ஆல், அரசு, அத்திக்கு இந்த வழி முழுக்கவே பயன்படாது. அவற்றின் விதை கடுகைவிடச் சிறியது, தரையில் பார்த்துத் தேடும் அளவில் இல்லை. பழத்தையும் இலையையும்தான் பார்க்க வேண்டும்.

மாதமும் ஒரு சாட்சி. தேக்குக் காய் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, இலவம்பஞ்சு மார்ச், ஏப்ரலில், வேம்பு, இலுப்பை, நாவல் ஜூனுக்குப் பிறகு. ஜனவரியில் புத்தம்புது வேப்பம்பழம் கிடைத்ததாக யாராவது சொன்னால் விதையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

செல்போன் செயலிகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இலைக்கும் பூவுக்கும் அவை ஓரளவு உதவும். தனி விதையின் படத்துக்கு அவை உறுதியான குரலில் தப்பான பெயரைச் சொல்லும். செயலி தரும் பெயரைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, நெற்றையும் தழும்பையும் வைத்துச் சரிபார்க்கலாம்.

இன்னும் பெயர் தெரியவில்லையா?

முளைக்கவைத்துப் பாருங்கள். பத்து விதைகளை ஆற்றுமணலும் செம்மண்ணும் சமமாகக் கலந்த பையில், விதையின் தடிமனைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்றி, தினமும் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். கொன்றை, மஞ்சாடி போன்ற கெட்டித்தோல் விதைகள் அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். தழும்புக்கு எதிர்ப்பக்கத்தில் உப்புத்தாளால் உள்வெள்ளை தெரியும்வரை தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைக்க வேண்டும். தழும்புப் பக்கத்தைத் தேய்த்தால் முளை அடிபட்டுவிடும். வேம்பு, நாவலுக்கு நேரெதிர்: காய்ந்து நாள்பட்டால் முளைப்பே போய்விடும், பொறுக்கிய வாரத்திலேயே ஊன்றுங்கள்.

முளை வரும்போது விதையிலைகள் மண்ணுக்கு மேலே வருகின்றனவா, உள்ளேயே தங்குகின்றனவா என்று எழுதிக்கொள்ளுங்கள். புளி தடித்த விதையிலைகளைத் தூக்கிக்கொண்டு வரும், மா மண்ணுக்குள்ளேயே விட்டுவிடும். முதலில் வரும் ஓரிரு இலைகள் பெரிய மரத்து இலையைப் போல இருக்க வேண்டும் என்பதில்லை. நான்காவது, ஐந்தாவது இலை விரியும்வரை பெயர் சூட்டாமல் இருப்பது நல்லது.

தெரிந்தவரிடம் கேட்பதானால் ஒரே படம் போதாது. விதையின் இரண்டு முகமும், தழும்பு பக்கமும், நெடுக்குவெட்டும், முழு நெற்றும் அல்லது காயும், கூடவே மரத்தின் ஒரு கிளையும் பட்டையும் என்று ஆறு படங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஸ்கேல் தெரிய வேண்டும். ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைக்காதீர்கள், அதன் அளவு பலமுறை மாறியிருக்கிறது, எந்த ஆண்டு நாணயம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. படங்களை நேரடி வெயிலில் எடுத்தால் பளபளப்பான விதையில் வெள்ளைப் புள்ளி விழுந்து தழும்பை மறைத்துவிடும், நிழலில் வெள்ளைத்தாள் மேல் வைத்து எடுங்கள். பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையிலோ, வனத்துறை நாற்றங்காலிலோ கேட்கலாம். கோவை பக்கம் இருப்பவர்களுக்கு இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகமும் உள்ளூரிலேயே இருக்கின்றன. போகும்போது விதையை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகாமல், நெற்றும் இலைக்கொத்தும் வைத்த காகித உறையோடு போங்கள்.